லைட் அடித்தால் ஈயம் தெரியுமா? ஒளிரும் நனோப்பொருட்களும் வன்னித் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்தப் பக்கம் போனாலும் தண்ணீர்க் கதை வந்தால் அரை மணித்தியாலம் ஓடும். அண்மைக்காலமாக அந்தக் கதைக்குள் "ஏதோ ஒரு துளி விட்டு ஊதா லைட் அடிச்சா தண்ணியில உலோகம் இருக்கிறது தெரியுமாம்" என்பதும் சேர்ந்துவிட்டது. உயர்தர மாணவர்கள் செயற்றிட்டத்துக்காகக் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்கிறார்கள், கிணறு வெட்டி முடித்த கையோடு கமக்காரரும் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும் என்னால் சொல்லக்கூடிய பதில்களும் கீழே.

முதலில், ஒளிரும் நனோப்பொருள் என்றால் என்ன?

கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பிவிடுகிற மிகச் சிறிய துணிக்கை. எவ்வளவு சிறிது என்றால் பெரும்பாலும் 10 நனோமீற்றருக்குள். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இதில் மூன்று சாதி பற்றித் தெரிந்திருந்தால் போதும். ஒன்று குவாண்டம் டொட். கட்மியம் செலனைட்டு போன்ற குறைகடத்திகளில் செய்வது, ஒரே பொருளே அளவு சிறுத்தால் நீலமாகவும் பெருத்தால் சிவப்பாகவும் ஒளிரும். 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இதற்காகத்தான் மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் போனது. இரண்டாவது காபன் டொட், காபனாலான துணிக்கை. 2004இல் காபன் நனோக்குழாய்களைச் சுத்திகரித்துக்கொண்டிருந்தபோது தேடாமலே அகப்பட்டது, 2006இல் பெயர் வைத்தார்கள். மூன்றாவது தங்க நனோக்கொத்து, இருபது முப்பது தங்க அணுக்கள் ஒரு புரதத்துக்குள் ஒடுங்கிக் கிடந்து சிவப்பாக ஒளிர்வது. வன்னியில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கோ சின்னப் பல்கலைக்கழக ஆய்வுக்கோ கைக்கெட்டுவது காபன் டொட்தான், அதனால் இனி வரும் பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

உலோகம் பட்டால் ஏன் மங்குகிறது?

காபன் டொட்டின் மேற்பரப்பில் காபொட்சிலிக், ஐதரொட்சில், அமைன் கூட்டங்கள் நிறைய இருக்கும். உலோக அயன் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தவுடன், ஒளியாக வெளியே வரவேண்டிய சக்தி இலத்திரன் வழியாக அந்த அயனுக்குப் போய் வெப்பமாக முடிந்துவிடுகிறது. சிலவேளை அயன் இரண்டு மூன்று டொட்டுகளை ஒன்றாக ஒட்டவைத்துத் திரளச் செய்யும், அதாலும் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து எவ்வளவு உலோகம் என்று கணக்குப் பார்க்க ஸ்டேர்ன்–வோல்மர் சமன்பாடு இருக்கிறது, 1919இலிருந்து பாவனையில் உள்ளது: தொடக்க ஒளியை மங்கிய ஒளியால் வகுத்தால் வரும் எண், செறிவோடு சேர்ந்து நேர்கோட்டில் ஏறும்.

ஆனால் இன்னொரு மங்கலும் உண்டு, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பெரிக் இரும்பு, அதாவது மூன்று ஏற்றமுள்ள இரும்பு, தானே ஊதாக்கதிரை உறிஞ்சும். நீங்கள் அடிக்கிற லைட்டை டொட்டுக்குப் போகவிடாமல் இடையில் நின்று குடித்துவிடும், டொட்டைத் தொடவே தேவையில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மங்கல். "எங்கள் காபன் டொட் இரும்பை மட்டும் குறிப்பாக உணர்கிறது" என்று எழுதப்படுகிற அறிக்கைகளில் பல இந்த உறிஞ்சலைத்தான் பார்த்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

எல்லா உலோகமும் ஒரே மாதிரித் தெரியுமா?

இல்லை. இரும்பு, செம்பு, இரசம் மூன்றும் காபன் டொட்டை நன்றாக மங்கச் செய்யும். ஈயம் பரவாயில்லை, ஆனால் மேற்பரப்பை அதற்கென்று தயார்ப்படுத்த வேண்டும். துத்தநாகம், அலுமினியம் இரண்டும் சில டொட்டுகளில் ஒளியைக் குறைக்காமல் கூட்டிவிடும். இரசத்துக்குத் தங்க நனோக்கொத்து நன்றாக வேலை செய்யும், இரச அயனும் அந்தக் கொத்தின் மேற்பரப்புத் தங்க அயனும் ஒன்றையொன்று பலமாக இழுப்பதால். ஆசனிக் வேறு கதை: தண்ணீரில் அது பெரும்பாலும் நேரேற்ற அயனாக இருப்பதில்லை, ஒட்சிசனோடு சேர்ந்து ஆசனேற்று, ஆசனைற்று என்ற வடிவங்களில்தான் இருக்கும். சாதாரண காபன் டொட்டின் காபொட்சிலிக் கூட்டம் அதைத் திரும்பியும் பார்க்காது. புளோரைட்டும் உலோகம் இல்லை, அதற்கு வேறு சோதனை.

ஆய்வுக் கட்டுரையில் "கண்டறியும் எல்லை 1 மைக்கிரோமோல்" என்று போட்டிருக்கிறார்கள். அது நல்ல எண்ணா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறதென்றால் இதை வாசியுங்கள். கண்டறியும் எல்லை என்றால் ஒரு சோதனை பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவு. அதை மோலில், அதாவது அணுக்களை எண்ணுகிற அலகில், சொல்லும்போது எல்லா எண்ணும் சின்னதாகத்தான் தெரியும். அதை லீற்றருக்கு எத்தனை மைக்கிரோகிராம் என்று மாற்றி, குடிதண்ணீர் எல்லைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி குடிதண்ணீரில் ஈயமும் ஆசனிக்கும் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேல் போகக்கூடாது, கட்மியம் 3, அசேதன இரசம் 6, குரோமியம் 50. செம்புக்கு 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்கிரோகிராம்.

இப்போது ஈயத்தை எடுங்கள். ஒரு மோல் ஈயம் 207 கிராம். ஆகவே லீற்றருக்கு 1 மைக்கிரோமோல் என்றால் லீற்றருக்கு 207 மைக்கிரோகிராம். குடிதண்ணீர் எல்லையோ 10. அந்தச் சோதனை "ஈயம் இல்லை" என்று சொன்னால், எல்லையைப்போல இருபது மடங்கு ஈயம் உள்ள தண்ணீரைக்கூட அது "இல்லை" என்று அனுப்பியிருக்கலாம். ஈயத்துக்குப் பயன்படவேண்டுமென்றால் 48 நனோமோலையாவது பிடிக்க வேண்டும், கட்மியத்துக்கு 27, இரசத்துக்கு 30. செம்புக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: எல்லையே 31 மைக்கிரோமோலுக்கு மேல், ஆகவே அதே 1 மைக்கிரோமோல் சோதனை செம்புக்குத் தாராளம். ஒரே எண் ஒரு உலோகத்துக்கு நல்லது, இன்னொன்றுக்கு ஆபத்து.

இன்னொன்றும் கவனியுங்கள். கண்டறியும் எல்லை என்பது வெறுந்தண்ணீரைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் தளம்பலின் மூன்று மடங்கை, செறிவுக்கு எதிரே ஒளியை வரைந்த வரைபின் சாய்வால் வகுத்து எடுப்பது. கணக்கில் வந்த எண் அது. அந்த எல்லையில் உண்மையாகவே ஒரு மாதிரியை வைத்து அளந்தார்களா என்று பாருங்கள். அளந்திருக்காவிட்டால் நான் அந்த எண்ணை மூன்றால் பெருக்கித்தான் நம்புவேன்.

எங்கட தண்ணி கடினத் தண்ணி, உப்பும் இருக்கு. அது சோதனையைக் குழப்புமா?

குழப்பும். கட்டுரைகளில் வரும் அழகான நேர்கோடுகளில் முக்கால்வாசி காய்ச்சி வடித்த தண்ணீரில் வரைந்தவை. எங்கள் கிணறுகள் அப்படியா? கேத்தலின் அடியில் வெள்ளைப் படை படிகிற தண்ணீர். கல்சியமும் மகனீசியமும் ஈயத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு கூட இருக்கும், டொட்டின் மேற்பரப்பில் இருக்கும் இடங்களுக்கு அவையும் போட்டி போடும். அடுத்தது, காபனேற்று நிறைந்த தண்ணீரில் ஈயத்தின் பெரும்பங்கு தனி அயனாக இராது, காபனேற்றோடு பிணைந்து கிடக்கும். கரையோரப் பக்கம் உப்புத் தண்ணீரில் இரசம் குளோரைட்டோடு சேர்ந்துவிடும். டொட் பிடிப்பது தனி அயனைத்தான். ஆகத் தண்ணீரில் உலோகம் இருந்தும் ஒளி மங்காமல் போகலாம். இதைத் தீர்க்க நைத்திரிக் அமிலம் விட்டுப் பிணைப்பை உடைக்கலாம், ஆனால் உடைத்த பிறகு பிஎச்சைத் திரும்ப ஒரு தாங்கற் கரைசலால் நடுநிலைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அமிலமே டொட்டை மங்கச் செய்துவிடும்.

மறுபக்கமும் உண்டு, உலோகமே இல்லாமல் மங்குவது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், நனோ எதுவும் தேவையில்லை. கடையில் விற்கிற டொனிக் வோட்டரில் குயினைன் இருக்கிறது. ஒரு கண்ணாடிக் கிளாசில் விட்டு, இருட்டில் ஊதா டோச் அடித்தால் பளிச்சென்ற நீலம் வரும். இப்போது ஒரு கரண்டி கறியுப்பைப் போட்டுக் கலக்குங்கள். நுரை அடங்கும்போது நீலமும் அடங்கியிருக்கும். ஈயமும் இல்லை, இரசமும் இல்லை, உப்பிலுள்ள குளோரைட்டு செய்த வேலை. காபன் டொட் குளோரைட்டுக்கு இந்தளவு பயப்படாது, ஆனால் "மங்கினால் உலோகம்" என்று எழுதிக்கொண்டு வருகிற மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டவேண்டும்.

குளத்துத் தண்ணீர் இன்னும் சிக்கல். இரணைமடுவோ வவுனிக்குளமோ, அழுகிய இலை தழையிலிருந்து வரும் ஹியூமிக் பொருட்கள் தாங்களே நீலமாக ஒளிரும், கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். வடிகட்டி, டொட் விடாத வெறும் மாதிரியையும் ஒருமுறை அளந்து கழித்தால்தான் அர்த்தம்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீர் அடிக்கும்போது தெளிவு, பின்னேரம் வாளியில் மஞ்சள். எப்போது சோதிப்பது?

வாளி விளிம்பில் கறள் நிறத்தில் ஒரு வளையம், மேலே மெல்லிய எண்ணெய் மாதிரி ஒரு ஏடு, வெள்ளைச் சட்டை தோய்த்தால் பழுப்பு. இது இரும்பு. நிலத்துக்கடியில் ஒட்சிசன் குறைவு, அங்கே இரும்பு இரண்டு ஏற்றத்தோடு கரைந்து நிறமில்லாமல் இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் மூன்று ஏற்றமாகி வீழ்படிவாகும். காபன் டொட் நன்றாக உணர்வது இந்த மூன்று ஏற்ற வகையைத்தான். அதனால் அடித்த கையோடு சோதித்தால் குறைவாகக் காட்டும், பின்னேரம் தெளிந்த மேல்தண்ணீரை எடுத்தால் இரும்பு அடியில் போயிருக்கும், அப்போதும் குறைவாகக் காட்டும்! எடுத்தவுடன் அமிலம் விட்டு வைத்து, பிறகு இரும்பு முழுவதையும் ஒட்சியேற்றி அளப்பதுதான் சரி. இரும்புக்கு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் என்று சொல்வது சுவைக்கும் கறைக்குமான எல்லை, நஞ்சுக்கானது இல்லை. ஆனால் இரும்பு கூடின தண்ணீரில் ஈயத்தைத் தேடுகிறவருக்கு இரும்புதான் முதல் எதிரி, ஈயத்தின் மங்கலை அது முழுதாக மூடிவிடும்.

பள்ளிக்கூடத்தில் காபன் டொட் செய்யலாமா?

செய்யலாம், ஆசிரியர் பக்கத்தில் நின்றால். சித்திரிக் அமிலமும் யூரியாவும் சம அளவு எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மைக்ரோவேவில் சில நிமிடம். நிறமில்லாத திரவம் கொதித்து, மஞ்சளாகி, நுரைத்துப் பொங்கி, கடைசியில் கறுத்த பிசினாக முகவையின் அடியில் ஒட்டிக் கிடக்கும். அமோனியா மணம் மூக்கைப் பிடிக்கும், யன்னல் திறந்திருக்கட்டும். சாப்பாடு சூடாக்குகிற மைக்ரோவேவில் ஒருபோதும் செய்யாதீர்கள், பிறகு அதில் சோறு வைக்க முடியாது. ஆறிய பிசினைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி லைட் அடிக்கும்போது பலர் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் அந்தச் செறிவில் கரைசல் தன் ஒளியைத் தானே உறிஞ்சி மங்கலாகத்தான் இருக்கும். ஒரு துளியை எடுத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் விடுங்கள், அப்போது வரும் ஒளிர்வு.

ஆய்வுகூடத்தில் செய்வது வேறு மாதிரி: டெஃப்லோன் உறை போட்ட உருக்குக் கலத்துக்குள் சித்திரிக் அமிலத்தையும் எதிலீன் டையமீனையும் மூடி, 200 பாகை செல்சியசில் சில மணித்தியாலம் வைப்பார்கள். நல்ல பிரகாசமான நீலம் கிடைக்கும். எதிலீன் டையமீன் தோலையும் கண்ணையும் அரிக்கும், பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். இந்த முறையில் சின்ன ஒளிர் மூலக்கூறுகளும் சேர்ந்தே உருவாகும், ஒளியின் நல்ல பங்கு அவற்றிலிருந்துதான் வரும். மென்சவ்வுப் பையில் போட்டுக் கழுவி அகற்றாதவர்கள் டொட்டை அளக்கிறோம் என்று நினைத்து வேறெதையோ அளந்துகொண்டிருப்பார்கள்.

தேசிக்காய், பனம்பழம், வேப்பிலையில் செய்தால் இன்னும் நல்லதாமே?

தோடம்பழச் சாற்றில்கூடச் செய்திருக்கிறார்கள், ஒளிரும். காபன் உள்ள எதைக் கருக்கினாலும் கொஞ்சம் ஒளிரும். ஆனால் இந்தப் போகத்துத் தேசிக்காயும் அடுத்த போகத்துத் தேசிக்காயும் ஒன்றா? ஒவ்வொரு தடவையும் டொட் மாறினால் வரைபையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைய வேண்டும். கண்காட்சிக்குப் பனம்பழம் நல்லது, ஊர்ப்பெயர் வரும். தண்ணீரை அளக்க, போத்தலில் வரும் சித்திரிக் அமிலம்.

கட்மியத்தைத் தேடக் கட்மியத்தையே தண்ணீரில் விடுகிறார்களாமே?

குவாண்டம் டொட்டில் அந்தச் சிக்கல் உண்மைதான், கட்மியம் உள்ள வகைகள் உடைந்தால் நஞ்சு கசியும். சோதித்த மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றக்கூடாது. காபன் டொட்டுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு, ஆனாலும் சோதித்த கிளாசில் குடிக்காதீர்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது, பிள்ளைகள் இருக்கிற இடம்.

சிறுநீரக நோய்க்குக் காரணமான உலோகத்தை இதால் கண்டுபிடிக்கலாமா?

கேள்வியின் நோவு விளங்குகிறது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருக்கிறது. கட்மியம், ஆசனிக், புளோரைட்டு, தண்ணீரின் கடினத்தன்மை, பூச்சிமருந்து, வெயிலில் வேலை செய்து உடம்பு வறள்வது என்று பலவற்றைச் சந்தேகித்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு தனி உலோகம்தான் காரணம் என்று முடிவாகவில்லை. ஆகவே உங்கள் கிணற்றில் காபன் டொட் மங்கவில்லை என்பதற்காகச் சிறுநீரகத்துக்குப் பயமில்லை என்று எடுக்கக்கூடாது, மங்கினால் நோய் வரும் என்றும் எடுக்கக்கூடாது. வீட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இரத்தமும் சிறுநீரும்தான் முதலில் சோதிக்க வேண்டியவை, கிணறு பிறகு.

போன் கமராவால் அளக்கலாமா? எந்த டோச் வாங்குவது?

அளக்கலாம். 365 நனோமீற்றர் என்று போட்ட டோச்சைத் தேடுங்கள். கள்ளநோட்டுப் பார்க்கிற மலிவு டோச்சுகளில் பல 395, அதன் ஊதாவே கண்ணுக்குத் தெரிந்து படத்தைக் கெடுக்கும். கண்ணுக்குள் அடிக்கவேண்டாம். போனைக் கையில் பிடித்து எடுக்காமல், உள்ளே கறுப்புக் காகிதம் ஒட்டிய காட்போட் பெட்டியில் ஓட்டை போட்டு ஒரே தூரத்தில் வையுங்கள். முக்கியமானது இது: போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், மங்கின மாதிரியைப் பிரகாசமாக்கிக் காட்டி உங்கள் முழு வேலையையும் அழித்துவிடும். எக்ஸ்போஷரையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிட்டு, வெறுந்தண்ணீர், தெரிந்த செறிவுகள், உங்கள் மாதிரி எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரிசையாக எடுங்கள்.

இரண்டு நிறத்தில் ஒளிரும் கலவை இன்னும் நல்லது. உலோகத்துக்கு மங்குகிற நீலமும் மங்காத சிவப்பும் சேர்ந்திருந்தால், டோச் பற்றரி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. கண்ணுக்கும் மங்கலைவிட நிறம் மாறுவது சுலபமாகப் பிடிபடும்.

மாதிரி எடுக்கும் போத்தலை எப்படிக் கழுவுவது?

சவர்க்காரத் தூளால் கழுவாதீர்கள். வெள்ளை உடுப்பு பளிச்சென்று தெரிய அதில் போடுகிற பொருளே ஊதாக்கதிரில் நீலமாக ஒளிரும். ஐதான நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசிய பிளாஸ்ரிக் போத்தல் வேண்டும். குழாயில் இரவு முழுக்க நின்ற தண்ணீரை ஒரு போத்தலிலும், கொஞ்ச நேரம் ஓடவிட்டதை இன்னொன்றிலும் எடுங்கள். முதலாவதில் மட்டும் உலோகம் கூடவென்றால் பிரச்சினை கிணற்றில் இல்லை, குழாயிலோ பைப் பொருத்தியிலோ இருக்கிறது.

கொதிக்கவைத்தால் உலோகம் போய்விடாதா?

போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிச்சத்தில் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கொதிக்கவைப்பது கிருமிக்கு. உலோகத்துக்கு ஆர்ஓ வடிகட்டி.

எந்தக் கிணறுகளை முதலில் பார்ப்பது நல்லது?

என்னைக் கேட்டால், பழைய வாகனப் பற்றரி உடைக்கிற இடத்துக்குப் பக்கத்துக் கிணறு, வலைக்கு ஈயக்குண்டு உருக்கி ஊற்றுகிற கரையோர வளவுகள், இரும்புக் கழிவு குவித்த காணிகள். ஈயம் உருக்குகிற வளவில் கிணற்றைவிட மண்ணும் தூசியும்தான் பிள்ளைகளுக்கு மோசம், அங்கே தவழுகிற குழந்தை இருந்தால் தண்ணீர்ச் சோதனைக்கு முதல் உருக்குகிற இடத்தை வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். வயல் கிணற்றில் கட்மியம் தேடுவது நியாயமான கேள்வி, பொஸ்பேற்றுப் பசளையில் கட்மியம் சிறிதளவு வருவது தெரிந்ததே, ஆனால் 3 மைக்கிரோகிராம் எல்லையைக் கடினத் தண்ணீரில் பிடிக்கக்கூடிய காபன் டொட்டை வைத்திருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

சோதித்தேன், மங்கிவிட்டது. இனி?

அதே குவளையில் கொஞ்சம் ஈடிடிஏ கரைசல் விடுங்கள். அது உலோக அயனை டொட்டிடமிருந்து பிடுங்கி எடுத்துக்கொள்ளும். ஒளி திரும்பி வந்தால் மங்கவைத்தது உலோகம் என்று பெரும்பாலும் சொல்லலாம், எந்த உலோகம் என்பது அப்போதும் தெரியாது. திரும்பாவிட்டால் கலங்கல், பிஎச், திரண்ட டொட், வேறு ஏதாவது. அடுத்து உங்கள் மாதிரியிலேயே தெரிந்தளவு ஈயத்தைச் சேர்த்து அளந்து பாருங்கள், சேர்த்த அளவு கணக்கில் வருகிறதா என்று. பத்துச் சேர்த்து நாலு வந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சோதனை வேலை செய்யவில்லை.

இவ்வளவும் தாண்டியும் சந்தேகம் நின்றால், அமிலமிட்ட புதிய மாதிரியோடு அணு உறிஞ்சல் கருவியோ ஐசிபி-எம்எஸ் கருவியோ உள்ள ஆய்வுகூடத்துக்குப் போங்கள். நீர் வழங்கல் சபை அலுவலகத்திலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ எங்கே கொடுப்பதென்று கேட்கலாம். "தண்ணீர் சோதிக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால் பிஎச்சும் கிருமியும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஈயம், கட்மியம், ஆசனிக் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள், அறிக்கை வந்ததும் இலங்கைக் குடிதண்ணீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 எல்லைகளோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் பவுசர் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். குளிக்க, தோய்க்க அந்தக் கிணறே போதும்.